ஜேசுராஜ் விட்டுக்கொடுத்த பாதி

விளாங்குடியில் ஜேசுராஜைத் தெரிந்தவர்கள் முதலில் சொல்வது அவருடைய சந்தேகத்தைப் பற்றித்தான். பால்காரர் ஊற்றிய பாலை விரலால் தொட்டுப் பார்ப்பார். கேஸ் சிலிண்டரைத் தராசில் ஏற்றாமல் கையெழுத்துப் போட மாட்டார். மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் ஹெட் கிளார்க். போலி மெடிக்கல் சர்டிபிகேட் பிடித்துப் பிடித்து அந்தக் கண் வாய்த்துவிட்டது என்பார்கள். அட, வேலைக்கு வருமுன்பே மனுஷன் அப்படித்தான். பெண் பார்க்கப் போன வீட்டில் காப்பி யார் போட்டது என்று விசாரித்தவர். “நான்தான் போட்டேன். விஷம் வைக்கல, குடிங்க” என்று உள்ளேயிருந்து பதில் சொன்னவள்தான் ஆன்மேரி. அந்த வாய்க்காகவே அவளைக் கட்டிக்கொண்டார்.

அந்த வாய்தான் போயிற்று. எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையையும் காலையும் இழுத்தது. பேச்சு அடியோடு நின்றது. கை கால் மெல்ல மெல்லத் திரும்பின, பேச்சு திரும்பவில்லை. ஏதோ சொல்ல வருவாள், “த... த...” என்று திணறுவாள், கண் நிறைந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். அதைப் பார்க்க ஜேசுராஜுக்கு நெஞ்சு வெடிக்கும்.

வேலைக்கு வரும் முனீஸ்வரி மத்தியானத்தோடு கிளம்பிவிடுவாள். அவர் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்ப அஞ்சு மணியாகும். நடுவில் யார் இருப்பது என்று அவர் தவித்தபோது, ஒட்டுச்சுவர் வீட்டு ஜெபக்கனி தானாக வந்து நின்றாள். வெள்ளைச் சேலை, குன்றிமணித் தங்கம்கூட இல்லாத கழுத்து, கையில் ரசச் சட்டி.

“நான் வந்து இருக்கேன்ணே. மத்தியானத்துல எனக்கு என்ன வேலை கெடக்கு?”

சோழியன் குடுமி சும்மா ஆடுமா? அவள் குடும்பம் திண்டுக்கல் ரோட்டில் ஹார்டுவேர் கடை மாடியில் கூடும், பெண்கள் நகை போடாத சபையைச் சேர்ந்தது. அவள் புருஷன் அங்கே மூப்பர், பாஸ்டருக்கு அடுத்த ஆள். அவர்கள் மாதா சுரூபத்தைச் சிலை என்பார்கள். கத்தோலிக்கரான நம்மவர்கள் அவர்களை அல்லேலூயா கோஷ்டி என்பார்கள். தெருவில் எதிரே வந்தால் சிரிப்பு உண்டு, ஆனால் ஒருவர் வீட்டு வாசற்படியை மற்றவர் மிதித்ததில்லை.

“வாம்மா. ஆனா இங்க வந்து ஜெபம் கிபம்னு எதையும் ஆரம்பிக்கக் கூடாது” என்றார்.

“சரிண்ணே.”

அவர் பயம் சின்னப் பயமில்லை. ஆன்மேரியால் சரி என்றும் சொல்ல முடியாது, வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. ஒரு மத்தியானம் தொட்டியில் முக்கி எடுத்து முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டால் யார் கேட்பது? நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் அவளை எந்தக் கல்லறைத் தோட்டத்தில் வைப்பது? பிறந்ததிலிருந்து பூசை தவறாதவள். வாயில்லாதவளைத் திருடிக்கொண்டு போவது எம்புட்டுச் சுலபம் என்று நினைக்க நினைக்க வயிறு எரிந்தது.

எரிகிற வயிற்றில் முனீஸ்வரி எண்ணெய் ஊற்றினாள். “சார், நேத்து கொடையை விட்டுட்டுப் போயிட்டேன்னு திரும்பி வந்தேன். அந்தம்மா கதவு ஜன்னல் எல்லாத்தையும் சாத்திக்கிட்டு உள்ள என்னமோ முணுமுணுங்குது. நான் தட்டுனதும் கப்புச்சிப்புன்னு ஆயிருச்சு.”

அன்று சாயங்காலமே ஜேசுராஜ் ஹார்டுவேர் கடை மாடி ஏறினார். பாஸ்டர் சின்ன வயசு, அடக்கமான ஆள். “உக்காருங்க பிரதர்” என்றார். நான் உனக்கு எப்பய்யா பிரதர் ஆனேன் என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டு, ஜேசுராஜ் நின்றபடியே கொட்டித் தீர்த்தார். முடியாதவளை மதம் மாற்றுகிறீர்கள், போலீசுக்குப் போவேன் என்றார். பாஸ்டர் முகம் வாடிவிட்டது. “பலவந்தம் எங்க வழி இல்ல பிரதர். அவங்களை இனிமே வர வேணாம்னு சொல்லிடுறேன்” என்றார். இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்கிறானே, எலி ஏன் அம்மணமாக ஓடுகிறது என்று அதற்கும் ஒரு சந்தேகத்தோடு இறங்கி வந்தார்.

பாஸ்டர் வாக்கை நம்பாமல் மறுநாள் மத்தியானம் பர்மிஷன் போட்டுவிட்டுக் கிளம்பினார். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். ஸ்கூட்டரைத் தெருமுனையில் நிறுத்தி, பின்பக்கமாக வந்து, அடுக்களை ஜன்னலுக்குக் கீழே குனிந்து நின்றார். ஹெட் கிளார்க், சொந்த வீட்டில், திருடன் மாதிரி.

உள்ளே ஜெபக்கனியின் தணிந்த குரல் கேட்டது. “அருள் நிறைந்த மரியே வாழ்க...”

ஜேசுராஜுக்குக் காது பொய் சொல்கிறதோ என்றிருந்தது. அந்தக் குரல் மந்திரத்தின் முதல் பாதியை நிறுத்தி நிதானமாகச் சொல்லி, இயேசுவின் பெயரில் முடித்து நின்றது. பிறகு அமைதி. அந்த அமைதிக்குள்ளிருந்து இன்னொரு குரல் எழும்பியது. கரகரத்து, உடைந்து, ஆனால் சொல் சொல்லாக, “அர்ச்சிஷ்ட மரியே...” என்று மறு பாதியைத் தொடங்கியது.

ஆன்மேரியின் குரல்! அடி ஆத்தே, எட்டு மாதம் அவர் ஏங்கிக் கிடந்த குரல். அது ஒரு சொல்லில் தடுக்கி, மறுபடி பிடித்து, ‘எங்கள் மரண நேரத்திலும்’ என்பது வரைக்கும் போய், ஆமென் என்று கரை ஏறியது.

எப்படி உள்ளே போனார் என்று அவருக்கே தெரியாது. ஜெபக்கனி பதறி எழுந்தாள்.

“ஜெபம் கூடாதுன்னு சொன்னேன்ல?” அதுதான் வாயில் வந்தது. கண்ணில் தண்ணீர் ஓடுகிறது, கேள்வி மட்டும் கிளார்க் கேள்வி.

“உங்க ஜெபத்தத்தானண்ணே சொன்னேன்.”

“உனக்கு எப்படிம்மா இது தெரியும்?”

“தெனம் ஏழு மணிக்குச் செவுத்துக்கு இங்கிட்டு நீங்க சொல்றது எங்க அடுக்களை வரைக்கும் கேக்குது. ஒருநா ரசம் குடுக்க வந்தவ வாசல்ல நின்னு பாத்தேன். அக்கா ஒதடு அசையுது. செபமாலையில ஒருத்தர் முதல் பாதி சொன்னா மத்தவங்க மறு பாதி சொல்லணுமாமே. நீங்க ரெண்டு பாதியையும் நீங்களே கடகடன்னு சொல்லிட்டுப் போயிடுறீங்க. அக்கா தன் பாதிக்கு வாயத் தெறக்கும்போது நீங்க அடுத்த மணிய உருட்டிட்டீங்க. அதான், எடம் விட்டுப் பாப்போம்னு...”

ஜேசுராஜ் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அவளால் முடியாது என்று முடிவு கட்டி, அவள் பங்கையும் சேர்த்துத் தினமும் விழுங்கியவர் அவர்தான். வேறு யாரும் அவளைத் திருடவில்லை.

“மறு பாதிய நீயும் கூடச் சொல்லிக் குடுத்திருக்கலாமேம்மா?”

“இல்லண்ணே. முதல் பாதி வேதத்துல இருக்கு, தேவதூதன் சொன்னது. அத நான் நெஞ்சறியச் சொல்லலாம். மரியாள்கிட்ட வேண்டுறது எம் மனசாட்சிக்கு ஒத்து வராது. அது அக்காவோட பாதி, அக்காதான் சொல்லணும்.”

“இத என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா பெருமையா உங்க கோயில்ல போய்ச் சொல்லுவீங்க. அது எங்க சபைக்கு வந்து சேரும். எங்க வீட்டுக்காரரு மூப்பரு. மூப்பரு பொண்டாட்டி மரியே வாழ்கன்னு சொன்னான்னு வந்தா அவரு அங்க தலைகாட்ட முடியுமா? நானும் உங்களச் சந்தேகப்பட்டுத்தான் கதவச் சாத்துனேன்.” சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “பாஸ்டர் இனிமே போகாதீங்கன்னுட்டாரு. இன்னைக்கு ஒரு நாள் மட்டும் கேட்டு வந்தேன். வாரேண்ணே.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு ஜேசுராஜ் மறுபடி அந்த மாடி ஏறினார். ஆராதனை நடந்துகொண்டிருந்தது. சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“நான் தப்பாச் சொல்லிட்டேன்யா. அந்தச் சகோதரி எங்க வீட்டுக்கு வந்து போகணும்.”

“வந்து ஜெபிக்கலாமா பிரதர்?” என்று பாஸ்டர் கேட்டார்.

பெண்கள் வரிசையில் ஜெபக்கனி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். உண்மையைச் சொன்னால் அவள் மாட்டுவாள். சொல்லாவிட்டால் மாட்டப்போவது அவரேதான் என்பது ஜேசுராஜுக்குத் தெரியாதா என்ன?

“ஜெபிக்கட்டும்” என்றார்.

“அல்லேலூயா!” என்று மாடியே அதிர்ந்தது. எவனோ செல்போனைத் தூக்கிவிட்டான்.

அன்றைக்கே அந்த வீடியோ ஜேசுராஜின் கோயில் பங்கு முழுக்கச் சுற்றிவிட்டது. தெருவிலுள்ள கத்தோலிக்க வீடுகள் கூடுகிற அன்பியத்துக்குத் தலைவர் பெனடிக்ட், ஜேசுராஜின் பால்ய சிநேகிதர். சாயங்காலம் வந்தவர் வாசலைத் தாண்டவில்லை.

“மாப்ள, நீ சபைக்குப் போயிட்டியாமே?”

“யாரு சொன்னா?”

“ஊரே பாக்குதுடா. இந்த மாசம் மாதா சுரூபம் வீடு வீடா வருது. உன் வீட்டுக்குக் கொண்டு வாரதா வேணாமான்னு எல்லாரும் யோசிக்கிறாக. நீ கோயில்ல நின்னு இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிரு, முடிஞ்சுபோச்சு.”

இல்லை என்றால் பின்னே எதற்கு அங்கே போனாய் என்பார்கள். அதற்குப் பதில் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. பெனடிக்ட் தன்னைப் பார்த்த பார்வை ஜேசுராஜுக்கு நன்றாகப் பழக்கமானதுதான். இதுவரை அவரே ஊராரைப் பார்த்த சந்தேகப் பார்வை, இப்போது வாங்கிக்கொள்கிற முறை. சுருக்கென்று குத்தியது.

“யோசிக்கிறவுக யோசிக்கட்டும் மாப்ள. மணி ஏழாகுது, எனக்கு வேலை இருக்கு” என்றார்.

உள்ளே வந்து ஆன்மேரியின் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு, செபமாலையை எடுத்தார். முதல் பாதியைச் சொன்னார். அடுத்த சொல் பழக்கத்தில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடினார்.

ஆன்மேரி அவரையே சந்தேகமாகப் பார்த்தாள், இந்த மனுஷன் நெசமாகவே நிறுத்திவிட்டாரா என்று. பிறகு வாயைத் திறந்தாள்.