லடாக்கில் ஒரு ஏகாதசி

ஸ்ரீரங்கத்திலிருந்து லடாக் கிளம்புமுன் ஸ்வெட்டர், மாத்திரை எல்லாவற்றையும் இருமுறை எண்ணினேன். காலண்டரைப் பார்க்கவில்லை. கார் கணவாய் உச்சிக்கு ஏறிய நாள் ஏகாதசி. அன்று தண்ணீர்கூடத் தொடாதவள் என் மனைவி. மூச்சுத் திணறிச் சாய்ந்துவிட்டாள்.

"ஒரு வாய் குடிம்மா. பெருமாள் கோவிச்சுக்க மாட்டார்."

"அவர் மாட்டார். எனக்குத்தான் இறங்காதுங்க."

அவள் உதடு நீலம் பாரித்தது. கெஞ்சிப் பார்த்தேன். சாலையோர டீக்கடைப் பெண் ஓடிவந்து, எங்களுக்குப் புரியாத பாஷையில் ஏதோ சொல்லியபடி வெந்நீரை அவள் வாயருகே கொண்டுபோனாள். மனைவி குடித்தாள். டிரைவர் உடனே வண்டியைக் கீழே இறக்கினார்.

"அந்தப் பொண்ணுகிட்ட எப்படிங்க மாட்டேங்கறது?" என்றாள் வழியில்.

மலைக்குப் போகிறவர்கள் காலண்டர் பார்த்துப் போங்கள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு வேறொன்றும் செய்யத் தெரியவில்லை.