சுருதியை அடிவாரத்தில் விட்டவர்

போன செவ்வாய்க்கிழமை ஒண்டிக்கடை முக்கில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். கேஸ் இணைப்பை ஏற்காட்டு முகவரிக்கு மாற்ற ஆதார் நகல் வேண்டுமாம். நான்காவது முறையாகக் கேட்கிறார்கள். நான்காவது முறையாகக் கொடுக்கிறேன். ஏன் என்று கேட்டுச் சண்டை போட இப்போதெல்லாம் தெம்பில்லை…

கடையில் ஒரு பெண் இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஸ்வெட்டர், காதை மூடிக் கட்டிய ஸ்கார்ஃப். ஆதார் அட்டையை வாங்கி மெஷினில் வைத்தவர், திரும்ப எடுக்கும்போது பெயரைப் படித்தார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் பெயரைப் படித்தார்.

“ஏனுங்க… வாராவாரம் பேப்பர்ல எழுதறது நீங்கதானுங்களா?”

எழுதுகிறவனுக்கு இதைவிட இனிப்பான கேள்வி உண்டா? முதுகு தானாக நிமிர்ந்தது.

“ஆமாம்மா. படிப்பீங்களா?”

“போன வாரந்தானுங்க படிச்சேன். மூணு தடவ படிச்சனுங்க.”

மூன்று தடவை! என் மனைவியே ஒரு தடவைக்கு மேல் படித்ததில்லை.

“எது பிடிச்சுது?” என்று கேட்டேன் — வெட்கமில்லாமல்.

நகலைக் கவுன்ட்டரில் வைத்து என் பக்கம் தள்ளினார்.

“அதுல எழுதியிருந்தீங்களே, ஒரு பாட்டுக்காரி… அது நான்தானுங்க.”

அந்தப் பத்தியைப் படிக்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சீசனை முன்னிட்டு உள்ளூர் ஹோட்டல்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு மெல்லிசை நிகழ்ச்சி வைத்திருந்தார்கள். மாலை ஐந்தரை மணி. திறந்தவெளி மேடை. பனியும் தூறலும். ஈரமான பிளாஸ்டிக் நாற்காலியில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து கேட்டேன். கேட்டதை எழுதினேன். லைட்டிங் பற்றி ஒரு பாரா, போண்டா பற்றி ஒரு பாரா, பாடகி பற்றி இரண்டே வரி:

‘பாடகி சுருதியை அடிவாரத்திலேயே இறக்கிவைத்துவிட்டு மலையேறி வந்திருந்தார். வழியில் உள்ள இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் மட்டும் மறக்காமல் பாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்.’

எழுதி முடித்ததும் நானே சிரித்துக்கொண்டேன். அந்த இரண்டு வரிகளும் வாட்ஸ்அப்பில் சுற்றின. எனக்கே ஒருவர் அனுப்பினார், கீழே என் பெயர் இல்லாமல். அப்போது எனக்கு இருந்த ஒரே வருத்தம் அதுதான்.

அந்த இரண்டு வரிகள் இப்போது ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு எனக்கு எதிரே நின்றன.

“நான் அடிவாரத்துல இருந்து ஏறி வரலீங்க,” என்றார். “இங்க மலமேலயே, நாகலூருதானுங்க. பொறந்ததும் அங்கதான், கட்டிக் குடுத்ததும் அங்கதான்.”

குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் பாட்டுக்கு யாருடைய ரேஷன் கார்டையோ லேமினேஷன் மெஷினுக்குள் விட்டபடி நடந்ததைச் சொன்னார். அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செல்வி அந்தக் குழுவில் கோரஸ் பாடுகிறவர். முக்கியப் பாடகி சேலத்திலிருந்து வர வேண்டும். அன்று மலைப்பாதையில் டூரிஸ்ட் வண்டிகள் நெருக்கிக்கொண்டு நின்றுவிட்டன. பாடகி வந்த வேன் நடு வளைவில் மாட்டிக்கொண்டது. நான்கு மணிக்குக் குழுவின் தலைவர் — எல்லோரும் அவரை மாஸ்டர் என்கிறார்கள், கீபோர்டு வாசிப்பவரும் அவரே — செல்விக்கு போன் செய்திருக்கிறார்.

“‘இன்னைக்கு நீதான் மெயினு, ஓடியா கண்ணு’ன்னாருங்க. கடையப் பூட்டிட்டு அப்படியே போனனுங்க. மேடையில ஏறிப் பாத்தா, எம்பட கொரலு எனக்கே கேக்கலீங்க.”

“கேக்கலைன்னா?”

“முன்னாடி ஒரு பொட்டி இருக்குமுங்க, எங்களப் பாத்த மாதிரி. அது அவுட்டு. தபேலா சத்தம் கேக்குது, கீபோர்டு லேசாக் கேக்குது. நான் எங்க இருக்கறன்னே தெரியலீங்க. கண்ணக் கட்டிட்டு ரோட்ட தாண்டற மாதிரி நொம்பச் சிரமப்பட்டுட்டனுங்க.”

மேடை ஓரத்தில் பாடுபவரை நோக்கித் திருப்பி வைத்திருக்கும் ஸ்பீக்கரைத்தான் சொல்கிறார். மானிட்டர் என்பார்கள். நமக்குக் கேட்பதற்கு வெளியே பெரிய ஸ்பீக்கர்கள் உண்டு. பாடுபவருக்குத் தன் குரல் கேட்க இந்த ஒரு பெட்டிதான். அது இல்லாவிட்டால் யாராக இருந்தாலும் தடுமாறத்தான் செய்வார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். ப்ளூடூத் ஸ்பீக்கர் பற்றி மட்டும் இந்தப் பத்தியில் மூன்று முறை எழுதியிருக்கிறேன் — பாஸ் எப்படி, பேட்டரி எத்தனை மணி நேரம் என்று. பாடகியின் காலடியில் ஒரு ஸ்பீக்கர் செத்துக் கிடந்தது மட்டும் என் கண்ணில் படவில்லை.

“அஞ்சாவது பாட்டுல இருந்து மாஸ்டர் பக்கத்துல போயி நின்னுட்டனுங்க. அவரு பொட்டியில கேட்டுச்சு. அப்பறம் நல்லாத்தான் பாடுனனுங்க. நெறையப் பேரு வந்து சொன்னாங்க.” லேமினேஷன் அட்டையை எடுத்து ஓரம் வெட்டினார். “அதையும் ஒரு வரி எழுதியிருக்கலாமுங்க.”

இந்த இடத்தில் நான் தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். ஏனோ முடியவில்லை.

“நான் நாலாவது பாட்டோட எந்திரிச்சுப் போயிட்டேம்மா,” என்றேன்.

கத்தரிக்கோல் நின்றது. அப்போதுதான் முதல்முறையாக அவர் முகம் மாறியது.

“போயிட்டீங்களா?”

“குளிர்ல முழங்கால் வலி… டீ குடிக்கலாம்னு எந்திரிச்சேன். அப்படியே வீட்டுக்கு…”

“நாலு பாட்டு கேட்டுட்டா அப்படி எழுதுனீங்க?”

பதினோரு வருடமாக எழுதுகிறேன். இயர்போனை இரண்டு நாள் மாட்டிக்கொண்டு ஒரு கருத்து. வெப் சீரிஸில் மூன்று எபிசோடு பார்த்துவிட்டு ஒரு கருத்து. ஹோட்டலில் பாதி தோசை தின்றுவிட்டு ஒரு கருத்து. வாராவாரம் ஏதாவது சொல்லியாக வேண்டுமே! இயர்போன் திரும்பிக் கேட்பதில்லை. தோசையும் கேட்பதில்லை. முதல்முறையாக ஒருவர் கேட்டார்.

மீதியைக் கேட்டுக்கேட்டுத்தான் வாங்கினேன். செல்வியின் கணவர் எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறார். ஜீப் ஸ்டாண்டில் தினமும் ஒருவர், “அடிவாரம் வரைக்கும் போறம்ப்பா, உங்க ஊட்டம்மா சுருதிய ஏத்திட்டு வரட்டுமா?” என்கிறாராம். இரண்டு நாள் சிரித்து மழுப்பிய கணவர், மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து, “பாட்டெல்லாம் போதும், உடு” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லையாம்.

அதைவிடப் பெரிய அடி வேறொன்று. அந்த வார ஞாயிற்றுக்கிழமை நாகலூரில் ஒரு காதுகுத்து விழா. விருந்தோடு மாஸ்டர் குழுவின் பாட்டுக் கச்சேரி. செல்வி முதல்முறையாகச் சொந்த ஊரில், கோரஸாக இல்லாமல், தனியாகப் பாட இருந்தார். பத்தி வந்த மறுநாள் மாஸ்டர் அவர் பெயரை எடுத்துவிட்டார்.

“அடுத்த வாரம் உங்களப் பத்தி நல்லபடியா எழுதிடறேம்மா,” என்றேன்.

“வேண்டாமுங்க.”

“இல்ல, நடந்ததச் சொல்லி…”

“பாவப்பட்டு எழுதறாருன்னு சொல்லுவாங்க. அது அதவிடக் கேவலமுங்க.”

நகலுக்கான சில்லறையை வாங்கிக்கொண்டார். அடுத்து நின்றவரிடம், “சொல்லுங்க, கலரா, பிளாக் அண்ட் ஒயிட்டா?” என்றார்.

அன்று சாயங்காலமே மாஸ்டரைத் தேடிப் போனேன். பஸ் ஸ்டாண்டைத் தாண்டி ஒரு சின்ன சவுண்ட் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். மேஜைமேல் ஒரு ஸ்பீக்கர் பெட்டியைப் பிரித்துப் போட்டு சால்டரிங் வைத்துக்கொண்டிருந்தார். என்னைத் தெரிந்திருந்தது. ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

“இதுதான் அன்னிக்கு மேடையில இருந்த மானிட்டரா?”

“அதேதானுங்க சார். மழத்தண்ணி எறங்கிருச்சு. ஒரு வாரமாவே மக்கர் பண்ணிட்டு இருந்துச்சுங்க.”

“தெரிஞ்சேவா வெச்சீங்க?”

“சீசனுங்க சார். வேற பொட்டி வேற புரோகிராமுக்குப் போயிருச்சு. எப்படியாச்சும் ஓட்டிரலாம்னு பாத்தனுங்க.”

“அந்தம்மா மேல தப்பில்லன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?”

அவர் தலை நிமிராமல் சொன்னார்: “எஞ்செட்டு ரிப்பேருன்னு நானே சொன்னா அடுத்த புரோகிராம் எவன் குடுப்பானுங்க? பேப்பர்லயே அந்தப் புள்ளையத்தான் எழுதியிருக்குது… காதுகுத்து வெக்கறவங்களும் போன் பண்ணி, ‘அந்தம்மா வேண்டாம்’னுட்டாங்க. நான் என்னங்க சார் பண்றது?”

அவர்மேல் கோபம் வரவில்லை. அலுப்பாக இருந்தது. விஷயம் தெரிந்த அவர் வாயைத் திறக்கவில்லை. தெரியாத நான் வாயை மூடவில்லை. இரண்டு ஆண்களுக்கு நடுவில் அந்தப் பெண்.

“இந்த வாரம் அந்தப் பொட்டியப் பத்தி எழுதலாம்னு இருக்கேன்,” என்றேன்.

சத்தியமாக மிரட்டலாகச் சொல்லவில்லை. என் தப்பைத் திருத்த வேறு வழி தெரியாமல் சொன்னது. ஆனால் அவருக்கு மிரட்டலாகத்தான் கேட்டது. சால்டரிங் கம்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

“சார், சார்… ஞாயித்துக்கெழம அந்தப் புள்ளைக்கு மூணு பாட்டு குடுத்தர்றனுங்க. காதுகுத்து வீட்டுல நான் பேசிக்கறனுங்க. பொட்டியும் புதுசு வெச்சர்றேன். கடப் பேரு மட்டும் போட்டுராதீங்க!”

வந்த காரியம் முடிந்துவிட்டது. சந்தோஷமாக இருந்ததா? இல்லை. ஒருவரை எழுதியே விழவைத்தேன். இன்னொருவரை எழுதுவேன் என்று சொல்லியே நடுங்கவைத்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரைக்கும் ஏற்றம். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியும் நானும் நாகலூர் பஸ்ஸில் போய் இறங்கினோம். அழைப்பு எதுவும் இல்லை. ஆனால் பந்தல் வாசலில் சந்தனம் கொடுத்த பெரியவர், நாங்கள் யார் என்று கேட்காமலே, “வாங்க சாமி, உக்காருங்க” என்றார். காபித் தோட்டத்தை ஒட்டிய மைதானத்தில் ஷாமியானா. பகல் பதினொன்றரைக்கே கூட்டம் நிறைந்திருந்தது. மேடைக்கு எதிரே, நான்காவது வரிசையில் உட்கார்ந்தோம். மானிட்டர் புதுசாகப் பளபளத்தது. மாஸ்டர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் குனிந்துகொண்டேன்.

சேலத்துப் பாடகி இரண்டு பாடினார். பிறகு செல்வி வந்தார். அரக்குப் பட்டு, தலை நிறையப் பூ, ஸ்கார்ஃப் இல்லை. கூட்டத்தில் யாரோ ஏதோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். எழுதிக் கொடுத்தவனே நான்தானே!

முதல் பாட்டு ஒரு பழைய தாலாட்டு. தொடக்கத்தில் விரல்கள் மைக்கை இறுக்கிப் பிடித்திருந்தன. இரண்டாவது சரணத்தில் பிடி தளர்ந்தது. குரல் நேராக வந்து உட்கார்ந்தது. சிரித்தவர்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். ஷாமியானாவுக்கு வெளியே ஒரு ஜீப். அதன்மேல் சாய்ந்து, மேடைக்கு முதுகைக் காட்டியபடி ஒருவர் போன் பார்த்துக்கொண்டு நின்றார். பாட்டு பாதி போனபோது போனைச் சட்டைப்பையில் போட்டார். முடியும்போது மேடையைப் பார்த்துத் திரும்பி நின்றார். கை தட்டவில்லை. ஆனால் திரும்பி நின்றார்.

இரண்டாவது வேகமான பாட்டு. மேலே எட்டிப் பிடிக்க வேண்டிய ஓர் இடம் வந்தது. அங்கே குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. உண்மையைச் சொல்கிறேன் — இறங்கித்தான் விட்டது.

பந்தி போட்டார்கள். கை கழுவப் போன இடத்தில் செல்வி எதிரே வந்தார்.

“வந்தீங்களா! எப்படிங்க இருந்துச்சு?”

“ரொம்ப நல்லா இருந்துச்சும்மா,” என்றாள் என் மனைவி, என் முழங்கையைக் கிள்ளியபடி.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவப்பட வேண்டாம் என்று சொன்னவர் ஆயிற்றே…

“மொதப் பாட்டு நல்லா இருந்துச்சும்மா,” என்றேன். “ரெண்டாவதுல மேல போற எடத்துல… கொஞ்சம் எறங்கிருச்சு.”

கிள்ளு பலமாக விழுந்தது. ஆனால் செல்வி சிரித்துவிட்டார். வாய்விட்டு, பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி.

“ஆமாங்க! எனக்கே கேட்டுச்சுங்க!”

ஏதோ பரிசு வாங்கியவர்போல அதைச் சொன்னார். நான் சொன்னதை அவர் வெறுமனே பொறுத்துக்கொள்ளவில்லை, ஒத்துக்கொண்டார். இரண்டுக்கும் எவ்வளவு தூரம்! எழுதிச் சம்பாதித்த பெயரையெல்லாம் ஒரு தட்டில் வைத்தாலும் இந்த ஒரு சிரிப்புக்கு ஈடாகாது என்று எழுதத் தோன்றுகிறது. வேண்டாம், அதுவும் ஒரு கருத்துதான்.

“இத நான் எழுதலாமாம்மா?”

யோசித்தார். “எழுதிக்கங்க. பேரு வேண்டாம். நல்லாப் பாடுனான்னும் வேண்டாம். மூணாவது பாட்டு சாப்பாட்டுக்கு அப்பறமுங்க. இருப்பீங்களா?”

இருந்தேன். பாயசம் வரைக்கும், மூன்றாவது பாட்டு வரைக்கும், அதற்குப் பிறகு நன்றி சொல்லி மைக்கை அணைக்கும் வரைக்கும். முழங்கால் வலித்தது. வலிக்கட்டும்.

மூன்றாவது பாட்டு எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? நாகலூர்க்காரர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.