பளபளத்த டயர்கள்

டயரக்காவின் சொந்தப் பேரை யாரும் கேட்டதில்லை. தேய்ந்த சைக்கிள் டயரை அறுத்து இடுப்பு பெல்ட் செய்கிறவளுக்கு அந்தப் பேரே போதுமாக இருந்தது. பட்டறை அவளும் புருஷனும் சேர்ந்து போட்டது. புருஷன் செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, கொழுந்தன் பூட்டை மாற்றிவிட்டான். அண்ணன் சொத்து தம்பிக்குத்தானாம். பதினோரு வருஷம் உழைத்தவள் வெறுங்கையோடு தெருவில் நின்றாள்.

அவள் அழவில்லை. அழுதால் ஆத்திரம் தணிந்துவிடும் என்பது அவள் கட்சி. அந்தப் பட்டறைக்குள் மறுபடி நுழைய வேண்டும், அதையும் அவனே திறந்துவிட வேண்டும். சோறு பிசையும்போதுகூட அதே நினைப்புதான்.

பழகிய சைக்கிள் கடைக்காரர்கள் பழைய டயரை அவளுக்கு மட்டுமே போட்டார்கள். ஆறு மாதத்தில் கொழுந்தனே டயர் கேட்டு அவள் வாசலில் வந்து நின்றான். பெரிய கடைக்காரர் ஒருவர் மாதிரியைப் பார்த்துவிட்டு ஐந்நூறு பெல்ட் கேட்டிருக்கிறாராம். அந்த மாதிரி அண்ணி கையால் செய்தது என்பதை மட்டும் ஐயா சொல்லவில்லை.

அவள் இரண்டு குவியலைக் காட்டினாள். ஒன்றில் புழுதி படிந்த டயர்கள். இன்னொன்று எண்ணெய் போட்டுத் துடைத்தது, கண்ணைப் பறித்தது. எண்ணெய் பட்ட ரப்பர் வெயிலில் கிடந்தால் இற்றுப்போகும். தொழில் தெரிந்தவன் டயரை உள்பக்கம் வெளியே வரப் புரட்டி, வெடிப்பு விடுகிறதா என்று பார்க்காமல் தொடமாட்டான். அந்த இரண்டாவது குவியலை ஒரு மாதமாகத் துடைத்து வெயிலில் போட்டவளே அவள்தான்.

“நீயே பாத்து எடுத்துக்க தம்பி. எடுத்தத திருப்பி வாங்க மாட்டேன்.”

அவன் பளபளப்பதைத்தான் அள்ளிக்கொண்டு போனான்.

அந்த டயரில் அறுத்துக் கொண்டுபோன பெல்ட் ஒன்றைப் பெரிய கடைக்காரர் இரண்டு கையாலும் இழுத்தார். பட்டென்று அறுந்தது. அடுத்ததும் அப்படியே. மாதிரியைச் செய்த ஆளோடு வந்தால் வா, இல்லையென்றால் இந்தப் பக்கமே வராதே என்று அனுப்பிவிட்டார். கேள்விப்பட்ட டயரக்காவுக்கு வயிறு குளிர்ந்தது.

மறுநாள் காலையில் அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

“மன்னிச்சிடுங்க அண்ணி.”

“மன்னிப்பு கெடக்கட்டும். வந்து பட்டறையத் தெறந்து விடு. அப்புறம் சாவியக் குடு.”

திறந்துவிட்டான். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, டயர் விளிம்பிலிருந்து கம்பி உருவும் வேலைக்கு அவனை உட்காரவைத்தாள். நாலாவது டயரிலேயே கம்பி அவன் விரலைக் கிழித்தது. கையுறை இருக்கிறதா என்று கேட்டான்.

இல்லை என்றாள். அவள் பெட்டியில் இரண்டு ஜோடி இருந்தது.