கரி போன இடம்

திண்டிவனத்தில் துணி இஸ்திரி போட்டுப் பிழைப்பவள் சித்ரா. கணவன் இறந்த பிறகு அவளுக்கும் மகள் வெண்ணிலாவுக்கும் அந்தக் கரிப்பெட்டிதான் சோறு போட்டது. கார்த்திகையில் புயல்மழை பிடித்துக்கொண்டபோது ஒரு கல்யாண வீட்டுத் துணிமூட்டை அப்படியே கிடந்தது. தெருவில் இஸ்திரி வண்டி போட வழியில்லை. இஸ்திரிப் பெட்டியையும், சட்டி நிறையக் கனன்ற கரியையும் வீட்டுக்குள் கொண்டுவந்தாள். சாரல் அடிக்கவே ஜன்னலைச் சாத்தினாள். கதவிடுக்கில் கோணியைத் திணித்தாள். பள்ளிக்கூடம் லீவு. கதகதப்பில் வெண்ணிலா சுருண்டு தூங்கிவிட்டாள்.

மத்தியானம் சித்ராவுக்குத் தலை பிளந்தது. பசி என்று நினைத்தாள். இன்னும் கரியை அள்ளிப் போட்டு வேலை செய்தாள். பிறகு மகளைத் தொட்டு, "எழுந்திரு பாப்பா, கஞ்சி குடிக்கலாம்" என்றாள். வெண்ணிலாவின் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. வாயோரம் நுரை.

சித்ராவுக்கு எழுந்து நிற்கக் கால் வரவில்லை. தவழ்ந்துபோய்க் கோணியைப் பிடுங்கி, மகளை மழைக்குள் இழுத்துப் போட்டுக் கத்தினாள். எதிர்வீட்டு ஆட்டோக்காரர் பாரூக் ஓடி வந்தார்.

"இன்னாம்மா ஆச்சு?"

"தெரியலண்ணே. எழுப்பிக்கினே இருக்கேன், எழுந்துக்க மாட்டேங்குது. ஜல்தி போலாம்ண்ணே."

ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில் வெள்ளம் ஏறி ஆட்டோ நின்றுபோனது. பாரூக் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரில் நடந்தார். பின்னாலேயே விழுந்து எழுந்து வந்த சித்ரா, "மூச்சு இருக்காண்ணே, மூச்சு இருக்கா" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அவர் நடையை எட்டிப் போட்டார்.

ஆஸ்பத்திரியில் வெண்ணிலாவுக்கு ஆக்சிஜன் வைத்த பிறகு டாக்டர் ஜெசிந்தா வெளியே வந்தார்.

"வீட்ல என்ன எரிச்சீங்க?"

"கரிதாங்க. கொஞ்சங்கூட புகை இல்லீங்க."

"எவ்ளோ கரி?"

"ஒரு கூடை போட்டிருப்பேங்க."

"இப்ப சட்டியில என்ன மிச்சம்?"

"ஒரு கை சாம்பல். மீதி எரிஞ்சு போச்சுங்க."

"எரிஞ்சா இல்லாம போயிடாதும்மா. எடை துளிகூட குறையாது. காத்தோட சேந்து அதுவும் காத்தாயிடும். ஜன்னல் திறந்திருந்தா வெளிய போயிருக்கும். சாத்தின ரூம்ல அது விஷமாயிடுச்சு. அதத்தான் ரெண்டு பேரும் மூச்சுல இழுத்திருக்கீங்க."

சித்ரா தன் கைகளைப் பார்த்தாள். கரியை அள்ளி அள்ளிப் போட்ட கை. சட்டிக்குள் போட்டதாகத்தான் இத்தனை நேரம் நினைத்திருந்தாள். சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கும் ஆக்சிஜன் வைக்க வந்த நர்ஸிடம், "எனக்கு வேணாங்க, அவளுக்கே வைங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டாம் நாள் வெண்ணிலா கண் திறந்தாள். அம்மாவை வெகுநேரம் பார்த்தாள். தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோதும் வெறுமனே பார்த்தாள். "அம்மா" என்ற சொல் வருவதற்கு மேலும் ஒரு வாரம் ஆனது.

இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். எழுதும்போது வலக்கை நடுங்குகிறது. சரியாகிவிடும் என்கிறார் டாக்டர். எப்போது என்று சித்ரா கேட்டால் மட்டும் அவர் பேச்சை மாற்றிவிடுகிறார்.