ஒரு வால்வு நல்லதென்றால் எல்லாம் நல்லது

என் மச்சினன் செத்தபோது ஆலை வாசலில் ஒட்டிய தாளில் 'டைப் அடித்தவர்' என்று போட்டார்கள். வருஷம் பல ஆச்சு, அந்த ஆத்திரம் எனக்கு அடங்கவில்லை.

அவன் பார்த்தது வேறு வேலை. ஒரே முதலாளி மூன்று ஆலைகளை வாங்கினார். ஒரே சாமானுக்கு ஆலைக்கு ஒரு பேர். கம்ப்யூட்டரில் மூன்றுக்கும் பொதுவாகச் சொற்களை வகுக்க வேண்டும். எது எதோடு சேரும், எதுக்குள் எது அடங்கும் என்று கட்ட வேண்டும். சோறு தின்னும்போதும் அதே நினைப்புத்தான்.

"மாமா, ஸ்டூல் நாற்காலில சேருமா?" என்பான்.

"உக்காந்து தின்னுடா மாப்ள, எதுல சேர்ந்தா என்ன" என்பேன்.

ஆலையில் அவனுக்கு அகராதி என்றுதான் பேர். கோபப்பட மாட்டான், எந்த வகை அகராதி என்று திருப்பிக் கேட்பான்.

எங்கள் ஆலையில் ஒவ்வொரு வால்வுக்கும் தனித் தகடு, தனி நம்பர். மற்ற இரண்டிலும் வகைக்கு மட்டும்தான் நம்பர். கூட்டத்தில் அந்த இரண்டு ஆலைக்காரர்கள் பக்கமே ஜெயித்தது, கம்ப்யூட்டரிலும் வகைக்கு ஒரே நம்பர். தனித்தனியாகப் பதிய ஓர் இடம் வேண்டும் என்று மச்சினன் கேட்டான். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். தலையாட்டிவிட்டு வந்தான்.

நான் ஃபிட்டர். எங்கள் பாய்லரின் சேஃப்டி வால்வைக் கழற்றிச் சோதித்து 'நல்லது' என்று பதிந்தேன். அந்த வகை மொத்தத்துக்கும் 'நல்லது' விழுந்துவிட்டது. மற்ற ஆலைகளில் ஒருத்தனும் வால்வைத் தொடவில்லை, அதான் கம்ப்யூட்டரே சொல்லிவிட்டதே. அதில் ஒன்று துருவேறி இறுகிக் கிடந்தது. ஆவி முட்டியபோது திறக்கவில்லை, பாய்லர் வெடித்தது. பாய்லர்காரரைத் துணியில் வாரித்தான் எடுத்தார்கள்.

இப்போதாவது பிரித்துப் பதியுங்கள் என்று மச்சினன் மேனேஜரிடம் போய் நின்றான். பிரிப்பதென்றால் மூன்று ஆலையையும் நிறுத்த வேண்டுமாம். அங்கே மட்டும் புது பாய்லர், புது வால்வு வைத்தார்கள். இவனுடைய பாஸ்வேர்டைப் பிடுங்கிக்கொண்டு டைப் அடிக்க உட்கார்த்தினார்கள்.

அதோடு ஆள் சாப்பாட்டை விட்டான். அவன் அக்கா பிசைந்து வைக்கிற சோற்றை வெறித்துப் பார்ப்பான், எழுந்து போவான். வற்றி, சிறுநீரகம் கெட்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு பிடியாகக் கிடந்தான்.

"மாமா, இன்னும் நல்லதுன்னுதான் காட்டுதா?"

ஆமாம் என்றேன்.

"மத்த பாய்லர் பக்கத்துலயும் ஆள் நிக்கிறாங்களே."

ஸ்பேனர் பிடிக்கிறவன் நான் என்ன பண்ண முடியும் என்றேன்.

"உங்களாலதான் முடியும். உங்க கையில இருக்கிற நல்ல வால்வக் கெட்டதுன்னு போட்டுடுங்க. ஒண்ணு கெட்டா எல்லாமே கெட்டதாயிரும். மூணு ஆலையும் நின்னுரும். அப்பதான் ஒவ்வொண்ணா கழட்டிப் பாப்பாங்க."

"என் வேலை போயிரும்டா மாப்ள."

"போயிரும்" என்றான். எலும்புக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்தான். "நாளைக்கே போட்டுடுங்க மாமா."