மூடிய கதவுக்கு முன்னால் ஒரு வரிசை

நான் ஒரு கல்லூரியில் சமூக உளவியல் பாடம் எடுக்கிறேன். மனிதர்கள் தனியாக இருக்கும்போது ஒரு மாதிரியும் நாலு பேர் கூடினால் வேறு மாதிரியும் ஏன் நடந்துகொள்கிறார்கள் என்று ஆராயும் படிப்பு அது. இருபது வருடமாக இதைச் சொல்லிக்கொடுத்து வந்ததில், அந்த நாலு பேரில் நான் சேர்த்தி இல்லை என்ற எண்ணம் எனக்குள் எப்படியோ ஊறிப்போயிருந்தது.

சென்ற ஆண்டு முதுகலை வகுப்பில் இணக்கம் பற்றிய பாடம். மற்றவர்கள் செய்வதைப் பார்த்து நாமும் செய்வதற்குப் பாடநூல் இரண்டு காரணங்கள் சொல்லும். அவர்களுக்கு ஏதோ விஷயம் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை ஒன்று. தனித்து நின்றால் என்ன நினைப்பார்களோ என்ற பயம் இன்னொன்று. நான் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது கடைசி பெஞ்சில் ஒருவன் கொட்டாவி விட்டான். அதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவனும் விட்டான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நாளைக்கு வகுப்பு பெரிய மார்க்கெட்ல. பத்து மணிக்கு வந்துடுங்க" என்றேன்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், பல வருடங்களாகத் திறக்காத ஒரு பச்சைக் கதவு உண்டு. உள்ளே என்ன இருந்தது என்பது யாருக்கும் நினைவில்லை. அதன் முன்னால் ஐந்து மாணவர்களை வரிசையாக நிறுத்தினேன். ஆளுக்கொரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஏதாவது காகிதம். பொய் சொல்லக் கூடாது; யாராவது கேட்டால் "தெரியலைங்க, நிக்கிறோம்" என்று மட்டும் சொல்ல வேண்டும். நான் எதிர்க் கடையில் டீ வாங்கிக்கொண்டு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். விஞ்ஞானி மாதிரி இருக்கட்டும் என்று சட்டைப் பையில் இரண்டு பேனா.

முதலில் சைக்கிளில் வந்த ஒருவர் நின்று கேட்டார். "தெரியலைங்க, நிக்கிறோம்" என்றாள் கடைசியில் நின்ற மாணவி. அவர் கொஞ்சம் யோசித்தார், சைக்கிளைப் பூட்டினார், அவளுக்குப் பின்னால் நின்றார். நான் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். டீ ஆறுவதற்குள் எட்டுப் பேர். அரை மணி நேரத்தில் சந்து முனையைத் தாண்டிவிட்டது வரிசை.

வரிசை இருந்தால் காரணம் இல்லாமல் இருக்குமா? அதுவும் தானாகவே வந்து சேர்ந்தது. மஞ்சள் ரேஷன் கார்டைச் சிவப்பாக மாற்றித் தருகிறார்களாம். யார் முதலில் சொன்னது என்று தெரியவில்லை. சிவப்புக் கார்டு ஏழைகளுக்கானது; அரசுச் சலுகைகள் பெரும்பாலும் அதற்குத்தான். அதற்கு எங்கள் ஊரில் உள்ள மதிப்பு தெரிந்தவர்களுக்கு, அடுத்து என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. செல்போன்கள் பேசின. "அக்கா, கார்ட எடுத்துக்கினு ஓடியா!" என்று ஒரு குரல் என் காதிலேயே விழுந்தது. வரிசையில் நின்ற ஒருவர், தோளில் துண்டு போட்டவர், ஒரு நோட்டை எடுத்து எல்லார் பெயரையும் எழுதி நம்பர் கொடுக்க ஆரம்பித்தார். அவரை யாரும் நியமிக்கவில்லை. நோட்டு வைத்திருந்தார், அது போதுமானதாக இருந்தது. பிறகு சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் ஒருவர் வந்தார். எதற்கு வரிசை என்று கேட்பார் என்று நான் பயந்தேன். அவர் கேட்கவில்லை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று பிரித்து நிறுத்தினார்.

அப்போதுதான் அந்த மீன்காரம்மாவைக் கவனித்தேன். பிள்ளைச்சாவடி மீனவக் குப்பத்திலிருந்து கூடையோடு வந்தவர். ஐம்பது வயது இருக்கும். கூடையைச் சுவரோரம் வைத்து ஈரச்சாக்கை மேலே போட்டுவிட்டு, வெயிலில் கார்டைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு நின்றார். மீன் விற்கும் நேரம் போய்க்கொண்டிருந்தது. சாக்கு காய்ந்துகொண்டிருந்தது. என் நோட்டில் அவர் இருபத்தேழாவது ஆள். இருபத்தேழு என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன்.

எழுந்து போய்க் கதவருகில் நின்று சத்தமாகச் சொன்னேன். "எல்லாரும் மன்னிச்சுக்கணும். இங்க ஒண்ணும் தரலை. இது காலேஜ் பசங்க செஞ்ச ஒரு சோதனை. வீட்டுக்குப் போங்க."

நோட்டுக்காரர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"உங்களுக்கு என்னா கார்டு சார்?"

"மஞ்சள்."

"அதானே பார்த்தேன். எங்கள அனுப்பிட்டு நீங்க மொதல்ல நிக்கலாம்னு பாக்குறீங்க."

கூட்டம் சிரித்தது. நான் பேராசிரியர் என்றேன். அது இன்னும் மோசமாகப் போனது. "புரொபசருன்னா நடுவுல பூந்துடலாமா?" என்றது ஒரு குரல். போலீஸ்காரர் என் முழங்கையைப் பிடித்தார். "சார், நின்னா கடைசில போய் நில்லுங்க. இல்லன்னா ஓரமா போங்க."

ஓரமாகப் போனேன். வேறு வழி தெரியாமல் மாணவர்களைக் கைகாட்டிக் கூப்பிட்டேன். நான்கு பேர் விலகி வந்தார்கள். முன்னால் இடம் காலியானதும் பின்னால் ஒரே ஆரவாரம்: "வரிசை நவுருது! வரிசை நவுருது!" இன்னும் பத்துப் பேர் ஓடி வந்து சேர்ந்தார்கள். ஐந்தாவது மாணவி, சைக்கிள்காரருக்குப் பதில் சொன்ன அதே பெண், வரவில்லை. பக்கத்தில் போய், "வாம்மா, முடிஞ்சுது" என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எங்க வீட்லயும் மஞ்சள்தான் சார்."

"ஏம்மா, இது நாமளே செஞ்சதில்ல?"

"தெரியும் சார். ஆனா இத்தன பேர் நிக்கிறாங்க. ஒருவேள நெஜமாவே எதனா வந்திருந்தா?"

வெட்கமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நானும் ஒருமுறை திரும்பி அந்தக் கதவைப் பார்த்தேன்.

பன்னிரண்டரை மணிக்கு நோட்டுக்காரர் நோட்டை மூடினார். "சாப்பாட்டு டைம். நாளைக்குப் பத்து மணிக்கு இதே நம்பர்ல வந்துடுங்க" என்றார். அத்தனை பேரும் முணுமுணுக்காமல் கலைந்தார்கள். என் பேச்சுக்கு நகராத கூட்டம் அது.

மீன்காரம்மா சாக்கைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடிக்கும்வரை அவர் கூடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எங்கள நிக்க வச்சு வேடிக்க பாத்தியா?"

"தப்புதாம்மா."

"படிச்சவன்தான நீ? டீக்கடையில குந்திக்கினு எவ்ளோ நேரம் எழுதிக்கினு இருந்த?" இரண்டு பேனாக்களையும் பார்த்தார். "சரி, எழுதத் தெரியுமில்ல? எனக்கு நெஜமாவே கார்டு மாத்தணும். மூணு வருஷமா யாரும் எழுதித் தரல. எழுதிக் குடு."

டீக்கடை பெஞ்சிலேயே மனு எழுதினேன். கணவர் படகில் விழுந்து இடுப்பு உடைந்து கிடப்பது, மகளுக்கு இன்னும் படிப்பு முடியாதது எல்லாம் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எழுதி முடித்ததும் ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. "நான் வந்து சொன்னப்ப ஏம்மா நம்பல?"

"யாரு நம்பல? அப்பவே நம்பிட்டேன். உன் மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுது, திருட்டு முழி. ஆனா ஒருத்தரும் நவுரல. நான் மட்டும் வூட்டுக்குப் போயி, அப்புறம் அவங்களுக்கெல்லாம் கெடச்சுதுன்னா, எங்க தெருவுல என்னை உயிரோட வுடுவாங்களா?"

எத்தனை பேர் அவரைப் போலவே, எல்லாம் தெரிந்தும், மற்றவர்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு நின்றார்களோ. இதற்கும் பாடநூலில் ஒரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லாமல் மனுவை மடித்து அவரிடம் கொடுத்தேன்.

அடுத்த வாரம் அவரோடு உரிய அலுவலகத்துக்குப் போய் மனுவைக் கொடுத்தேன். மாணவர்களின் அறிக்கைகளும் வந்தன. நாலு பேர், கூட்டம் நின்றதற்குக் காரணம் மக்களின் அறியாமை என்று எழுதியிருந்தார்கள். சூழலை மறந்து ஆளைக் குற்றம் சொல்வது என்ன வகைப் பிழை என்று அவர்களே போன மாதம் பரீட்சையில் சரியாக எழுதியவர்கள். கடைசிவரை வரிசையில் நின்ற மாணவி மட்டும் தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாள். அவளுக்கு அதிக மதிப்பெண் போட்டேன். மற்ற நால்வரும் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள்.

சில மாதங்கள் கழித்து மார்க்கெட்டில் மீன்காரம்மா என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார். சிவப்புக் கார்டு வந்துவிட்டது. எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

"ஆனா ஒண்ணு சார்," என்றார், சங்கரா மீனின் செதிலைச் சீவிக்கொண்டே. "அன்னிக்கு அந்தக் கதவாண்ட நின்னதாலதான் எனக்குக் கெடச்சுதுன்னு எங்க தெருவுல பேசிக்கிறாங்க. அடுத்த வரிசை எப்பன்னு கேக்குறாங்க."

"நீங்க மனு குடுத்ததச் சொல்லலையா?"

"சொன்னேனே. நான் மறைக்கிறேங்கிறாங்க."

மீனை வாங்கிக்கொண்டு, அவர் தெருவில் மனு எழுத வேண்டியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். பதினோரு பேர் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை பேனாவோடு பிள்ளைச்சாவடிக்குப் போனேன். அங்கே முப்பது பேர் வரிசையாக நின்றிருந்தார்கள்.