எட்டாம் சந்திக்கு வந்த அம்புலன்ஸ்

எங்கட குடியேற்றத்தில் வாய்க்கால் ரோட்டுகள் எல்லாம் ஒரே மாதிரி. இரண்டு பக்கமும் வயல், நடுவில் இரணைமடுக் குளத்துத் தண்ணீர். ஒருமுறை லொறி அடித்த ஒரு மனிசனை ஏற்ற வந்த அம்புலன்ஸ் பாதை தெரியாமல் சுற்றிச் சுற்றித் திரிந்தது. வந்து சேர, அந்த மனிசன் உயிரோடு இல்லை.

அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஊர்ப் படம் கீறினவர். ஒவ்வொரு சந்திக்கும் ஒரு இலக்கம். சந்திகளில் மரக்குத்தி நட்டு அதே இலக்கத்தை எழுதினார்கள். ஒரு படம் தபால் கந்தோர்ச் சுவரில், இன்னொன்று ஆஸ்பத்திரியில் போனுக்குப் பக்கத்தில். இலக்கத்தைச் சொன்னால் வாகனம் வந்துவிடும்.

மாரி தொடங்கின நேரம், விதைநெல் ஏற்றி வந்த உழவு மெசின் எட்டாம் சந்தியில் வழுக்கிக் குடைசாய்ந்தது. பின்பெட்டியில் இருந்த என்ர மனிசனுக்குத் தொடை முறிந்துவிட்டது. வயலில் நின்ற நானும் பக்கத்துக் காணிக்காரரும் ஓடிப்போய்ச் சாரத்தைக் கிழித்து இறுக்கிக் கட்டியும் இரத்தம் நிற்கவில்லை.

"நிண்டு அழாதை, போய்ப் போன் பண்ணு" என்றார்.

பக்கத்துக் காணிக்காரர் சைக்கிளில் முன்னே போய்விட்டார். நான் ஓடிப்போய்ச் சேர, தபால் கந்தோர் நிறைய ஆம்பிளையள். கதவோடு நின்றுவிட்டேன். அந்நிய ஆம்பிளையளுக்கு முன்னால் நான் வாய் திறந்ததே இல்லை.

போஸ்ட்மாஸ்டர் படத்தைப் பார்த்துப் போனில் சொல்லிக்கொண்டு நின்றார். "ஓம், எட்டு. அஞ்சால திரும்பி மரப்பாலத்தால வாங்கோ, அதுதான் கிட்ட."

அந்தப் பாலத்தின் நடுப்பலகைகளை வெள்ளம் கொண்டுபோனதைக் காலையில் மாடு கட்டப் போனபோது கண்டனான். படத்தில் பாலம் அப்படியே கிடந்தது.

"போனை வையாதேங்கோ!" என்று கத்திவிட்டேன். "பாலம் இல்லை மாஸ்டர், வெள்ளம் கொண்டுபோட்டுது! பள்ளிக்கூட ரோட்டால வரச் சொல்லுங்கோ!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவையளுக்கு இலக்கம் வேணும், பிள்ளை" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

ஆம்பிளையளை விலத்திப் போய்ப் படத்தில் கையை வைத்தேன். "மூண்டால திரும்பி ஏழு. ஏழால நேரே எட்டு."

நான் திரும்பி வந்து அவரின் தலையை மடியில் வைத்துக் கொஞ்ச நேரம்தான். பள்ளிக்கூடப் பக்கத்தால் ஹோர்ன் கேட்டது. ஒரு இடத்திலும் தடுமாறாமல் நேரே வந்து நின்றது அம்புலன்ஸ். கோயில் தேர் வீதி சுற்றி இருப்புக்கு வந்ததுபோல் சனம் ஆரவாரம் போட்டது.

நாலைந்து நாள் கழித்துப் பக்கத்துக் காணிக்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"அண்ணை, உங்கட மனிசி போஸ்ட்மாஸ்டரை வெருட்டிப்போட்டா. அந்தாள் அண்டைக்கே படத்தில பாலத்தைக் கோடு போட்டு வெட்டிப்போட்டுது."

"இவளோ? சும்மா கதையை விடாதை. சோறு போட்டாச்செண்டு சொல்லவே கதவுக்குப் பின்னால நிண்டு காப்பைக் கிலுக்கிறவள்."

சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். கட்டுப் போட்ட கால் அசைய, "ஐயோ" என்று கத்தினார். நேர்ஸ் மிஸ்ஸி ஓடிவந்து எங்கள் மூன்று பேரையும் ஏசினா. எனக்கென்றால் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு விறாந்தைக்கு ஓடினேன்.